நகர்ந்த கதியால்

“இலங்கையில் இனவாதம் தோற்றுவிட்டது.” 2024 நவம்பருக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் இந்த வசனம் கேட்காத இடமில்லை. கொழும்புப் பத்திரிகையாளர் எழுதுகிறார். வளாகத்து விரிவுரையாளர் கருத்தரங்கில் சொல்கிறார். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நிற்கும் வெளிநாட்டு உறவு, மருதனார்மடச் சந்தையில் மரக்கறிப் பையோடு நின்றபடி அதையே சொல்கிறது. தெற்கின் தீவிர வலதுசாரிகளைச் சிங்கள மக்களே வாக்கால் துடைத்தெறிந்துவிட்டார்கள், யாழ்ப்பாணமும் அந்த அலையில் சேர்ந்துவிட்டது, இனிப் பழைய புராணம் வேண்டாம் என்பது அந்தக் கதையின் சாரம்.

இந்தக் கதை பிழை. பிழை மட்டுமல்ல, ஆபத்தானதும்கூட. அதைச் சொல்பவர்களில் பலர் என் நண்பர்கள். போரையும் இடப்பெயர்வையும் சுமந்து, ஒரு நல்ல செய்திக்காக வருடக்கணக்காகக் காத்திருந்தவர்கள். அந்த ஏக்கம் எனக்கும் உண்டு. ஏக்கத்தைக் கொண்டு கணக்குப் பார்க்கக் கூடாது என்பதுதான் என் வாதம்.

அவர்கள் காட்டும் சான்றுகளை முதலில் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2020 இல் 145 ஆசனங்களை வென்ற பொதுஜன பெரமுன, 2024 நவம்பர் 14 அன்று மூன்று ஆசனங்களுக்குச் சுருங்கியது. செப்ரெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் நாமல் ராஜபக்சவுக்கு மூன்று சதவீதம்கூடக் கிடைக்கவில்லை. தேசிய மக்கள் சக்தி 225 இல் 159 ஆசனங்களை எடுத்தது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்று அதன் கைக்குப் போயின. தமிழ்க் கட்சிகளைப் பின்தள்ளித் தென்னிலங்கைக் கட்சி ஒன்று இங்கே முதலிடம் பெற்றது. தேர்தல் மேடைகளில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் எதிரான கூச்சல் முன்போல் எழவில்லை. இவை எல்லாம் உண்மை. இவற்றை வரவேற்கத்தான் வேண்டும்.

ஆனால் இந்த எண்களையே இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் மூன்று ஆசனங்களை வென்ற கட்சிக்கு விழுந்தவை 80,830 வாக்குகள். நூற்றுக்கு 25 கூட இல்லை. விகிதாசார முறையும் முதலிடத்துக்கான மேலதிக ஆசனமும், பல துண்டுகளாக உடைந்து நின்ற தமிழ்க் கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் சேர்ந்துதான் காற்பங்கு வாக்கை அரைப்பங்கு ஆசனமாக்கின. நாலில் மூன்று பேர் வேறு எங்கோ புள்ளடி போட்டார்கள். அந்தக் காற்பங்கிலும் பலர் போட்டது தமிழ்க் கட்சிகளின் உட்பூசலில் வெறுத்து, ஊழலில் வெறுத்து, பிள்ளைக்கு ஒரு வேலை வரும் என்று நம்பி. 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் தமிழரசுக் கட்சி இங்கே மீண்டும் முன்னுக்கு வந்துவிட்டது. இனவாதம் தோற்றதா என்ற கேள்வி எந்த வாக்குச் சீட்டிலும் அச்சடிக்கப்பட்டிருக்கவில்லை.

சரி, எண்ணை விடுங்கள். 159 ஆசனமும் முழு மனதோடு விழுந்த வாக்கில் வந்தவை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்த முடிவு நிற்காது. ஏனென்றால் அளக்கும் கோலே பிழை. தீவிர வலதுசாரிகளின் பலத்தை ஆசனத்தால் அளக்க முடியாது.

எங்கள் ஊர்களில் காணி எப்படிப் பறிபோகும் என்பது எல்லோருக்கும் தெரியும். பக்கத்து வளவுக்காரர் பட்டப்பகலில் வந்து வளவைப் பிடிப்பதில்லை. வருடா வருடம் வேலியடைப்பு வரும்போது பட்டுப்போன ஒரு கதியாலைப் பிடுங்கிவிட்டு, புதியதை நாலு விரல் இங்காலே நடுவார். நாலு விரலுக்காக யார் சண்டை பிடிப்பது என்று நாங்களும் விட்டுவிடுவோம். பத்து வருடத்தில் பூவரசு நிரை முழுவதும் எங்கள் பக்கம் வந்து நிற்கும். பிறகு அந்த மனிதர் கண்ணை மூடி, நல்ல குணமுள்ள மகன் வளவுக்கு வருவார். பார்த்தால் சிரிப்பார், கோயில் பொங்கலுக்குக் காசு தருவார். வேலி மட்டும் தானாகப் பின்னால் போகாது. உறுதியை எடுத்து, நில அளவையாளரைக் கூப்பிட்டு, எல்லைக் கல்லைத் தேடி அளக்கத்தான் வேண்டும்.

தீவிர வலதுசாரி அரசியல் செய்வது இந்தக் கதியால் வேலையைத்தான். நாடு ஒரு மக்கள் கூட்டத்துக்கே சொந்தம், மற்றவர்கள் இருந்துவிட்டுப் போகலாம், உரிமை கேட்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. அது தேர்தலை ஒழிப்பதில்லை. தேர்தலில் பெரும்பான்மைக்குக் கிடைக்கும் வாக்கைச் சொத்துரிமைப் பத்திரமாக மாற்றப் பார்க்கிறது. அதற்கு ஆட்சியில் அமர வேண்டிய தேவையும் இல்லை. ஆட்சியில் இருப்பவர் எவராயினும், தான் நட்ட இடத்திலேயே வேலியை விட்டுவைத்தால் போதும்.

இலங்கையின் எழுபது வருடக் கதை இதற்குச் சாட்சி. 1956 இல் பண்டாரநாயக்காவை ஆட்சிக்குக் கொண்டுவந்ததில் எக்சத் பிக்கு பெரமுனவுக்குப் பெரும் பங்கு உண்டு. அது பாராளுமன்றக் கட்சி அல்ல; ஊர் ஊராகப் பிரசாரம் செய்த பிக்குகளின் முன்னணி. 1957 ஜூலை 26 அன்று பண்டாரநாயக்காவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் அதிகாரப் பகிர்வுக்கு ஒப்பந்தம் செய்தார்கள். அரசாங்கத்திடம் பெரும்பான்மை இருந்தது. 1958 ஏப்ரல் 9 அன்று பிரதமரின் றோஸ்மீட் பிளேஸ் வீட்டு வாசலில் பிக்குகள் வந்து குந்தினார்கள். அன்றே ஒப்பந்தம் கிழிந்தது. அடுத்த வருடம் செப்ரெம்பரில் அதே வீட்டில் பிரதமரை ஒரு பிக்குவே சுட்டார். அந்தக் கொலைக்குச் சதி செய்ததற்காகத் தண்டிக்கப்பட்டவர், அவரை மேடை மேடையாகத் தூக்கிப்பிடித்த அதே முன்னணியின் முக்கியஸ்தர் மாபிட்டிகம புத்தரக்கித்த. வாசலில் குந்தியிருந்தவர்களிடம் எத்தனை ஆசனம் இருந்தது?

இடதுசாரிகள் வந்தால் இது மாறும் என்று நினைத்த காலமும் உண்டு. 1956 இல் தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்து, ஒரு மொழியைத் திணித்தால் இந்த நாடு இரண்டாகும் என்று எச்சரித்தவர் கொல்வின் ஆர். டி சில்வா. ட்ரொட்ஸ்கியவாதி, பெரும் சட்ட மேதை. அந்த எச்சரிக்கையை இன்றும் நாங்கள் எடுத்துச் சொல்கிறோம். அதே மனிதர் 1972 இல் அரசியலமைப்பு விவகார அமைச்சராக இருந்தபோதுதான் பௌத்தத்துக்கு முதன்மையிடமும் சிங்களத்துக்குத் தனி அரசகரும மொழி நிலையும் அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டன. அந்த அமைச்சரவையில் எந்தத் தீவிர வலதுசாரிக் கட்சியும் இருக்கவில்லை. அதன் கோரிக்கை மட்டும் அங்கே இருந்தது. இடதுசாரியின் கையெழுத்தில் இருந்தது.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2000 இல் சிஹல உறுமயவுக்குக் கிடைத்தது ஒரே ஓர் ஆசனம். 2004 இல் ஜாதிக ஹெல உறுமய பிக்குகளையே வேட்பாளர்களாக நிறுத்தி ஒன்பது ஆசனங்களைப் பெற்றது. வாக்கு ஆறு சதவீத அளவு. அந்த ஒன்பதை வைத்துக்கொண்டு மதமாற்றத் தடைச் சட்டமூலத்தைக் கொண்டுவந்தார்கள். 2005 இல் மகிந்த ராஜபக்சவோடு உடன்பாடு எழுதி, சமஷ்டி என்ற சொல்லையே தெற்கின் மேடைகளில் பேசக்கூடாத சொல்லாக்கினார்கள். 2012 இல் பொது பல சேனா பிறந்தது. 2014 ஜூனில் அளுத்கமவில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. 2015 பொதுத் தேர்தலில் அந்த அமைப்பின் கட்சிக்கு ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை. வாக்கு அரைச் சதவீதத்தைக்கூட எட்டவில்லை. அதன் பொதுச் செயலாளர் ஞானசார தேரரின் கதை முடிந்தது என்று அன்றும் பலர் எழுதினார்கள். 2021 ஒக்ரோபரில் ‘ஒரே நாடு ஒரே சட்டம்’ ஜனாதிபதிச் செயலணிக்கு அவரே தலைவரானார். அதற்கு முந்திய வருடம் கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்கள், உறவினர் கதறக் கதற எரிக்கப்பட்டன. புதைப்பதால் நோய் பரவும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லவில்லை. வாக்குச் சாவடியில் தோற்றவர்களின் விருப்பம், அரச சுற்றறிக்கையாகி மயானத்துக்குப் போனது.

இது எங்கள் தீவுக்கு மட்டும் உரிய நோய் அல்ல. லண்டனிலும் பாரிசிலும் ஜெர்மனியிலும் இருக்கும் உறவுகளைக் கேட்டுப் பாருங்கள். 2015 பிரித்தானியத் தேர்தலில் ஐக்கிய இராச்சிய சுதந்திரக் கட்சிக்குக் கிடைத்தது ஒரே ஓர் ஆசனம். அந்தக் கட்சியின் பயத்தில்தான் கொன்சவேட்டிவ் பிரதமர் பொதுவாக்கெடுப்புக்கு வாக்குறுதி கொடுத்திருந்தார். 2016 ஜூன் 23 அன்று பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற முடிவெடுத்தது. பிரான்சில் 2023 டிசம்பரில் குடிவரவுச் சட்டத்தை நிறைவேற்றியது மக்ரோனின் அரசாங்கம்; அது தன் கொள்கைக்குக் கிடைத்த வெற்றி என்று மார்கழிக் குளிரில் கொண்டாடியவர் மரின் லு பென். ஜெர்மனியில் 2025 ஜனவரியில் பழமைவாதக் கட்சி, தீவிர வலதுசாரிகளின் வாக்கோடு குடிவரவு பற்றிய தீர்மானமொன்றை நிறைவேற்றிப் பழைய தடுப்புச் சுவரைத் தானே உடைத்தது. அடுத்த மாதத் தேர்தலில் அந்தத் தீவிர வலதுசாரிக் கட்சி இருபது சதவீதத்தைத் தாண்டி இரண்டாமிடம் பிடித்தது. மற்றவர்களின் வாயில் தன் பேச்சு வந்துவிட்டால், தீவிர வலதுசாரிக்கு வெற்றி ஆட்சிக்கு முன்பே வந்துவிடுகிறது.

இன்றைய அரசாங்கத்துக்கும் இந்தக் கணக்கில் ஒரு பக்கம் உண்டு. தேசிய மக்கள் சக்தியின் முதுகெலும்பு ஜே.வி.பி. 2005 இல் சுனாமி நிவாரணத்துக்கான பொதுக் கட்டமைப்பை எதிர்த்து அரசிலிருந்து வெளியேறி, நீதிமன்றம் போனது அந்தக் கட்சி. 2006 ஒக்ரோபரில் உயர் நீதிமன்றம் வடக்கு கிழக்கு இணைப்பைச் செல்லாது என்று தீர்த்தது, அந்தக் கட்சியினரின் மனுக்களின் பேரில். கட்சி மாறியிருக்கலாம். மாறியிருக்க வேண்டும் என்பதே என் விருப்பமும். ஆனால் தான் நட்ட கதியாலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாதவர், ‘எனக்கு இப்போது யாரோடும் சண்டையில்லை’ என்று சொல்வதைக் காணி திரும்பி வந்ததாக எடுத்துக்கொள்ள முடியாது.

தையிட்டிக்குப் போய்ப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. காங்கேசன்துறைப் பக்கம், 1990 இல் சனம் உடுத்த உடையோடு எழும்பிப் போய், உயர் பாதுகாப்பு வலயம் என்ற பெயரில் கம்பிவேலிக்குள் அடைபட்ட நிலம் அது. சொந்தக்காரர்கள் உயிரோடு இருக்க, அவர்களின் தனியார் காணியில் இராணுவத்தின் உழைப்போடு திஸ்ஸ விகாரை எழுந்தது. 2023 இலிருந்து போயா தினங்களில் அங்கே ஒழுங்கை ஓரத்தில் சனம் குந்தியிருக்கிறது. முன்னால் பொலிஸ் தடுப்பு. அதற்கு அப்பால் வெயிலில் கண் கூசும் வெள்ளைத் தாது கோபுரம், ஒலிபெருக்கியில் பிரித். இந்தப் பக்கத்தில் வயதான ஒருவர் பொலித்தீன் பைக்குள் இருந்து உறுதியை எடுத்துக் காட்டுவார். மடிப்பு மடிப்பாகப் பழுத்த தாள். இத்தனை பரப்பு, கிழக்கு எல்லை ஒழுங்கை, கிணற்றில் பங்கு, வழி வாய்க்காலில் பங்கு, நின்ற பனை இத்தனை. அந்தக் கிணறு எங்கே என்று கேட்டால் தடுப்புக்கு அப்பால் கையை நீட்டுவார். அவரால் காட்ட முடியும், போக முடியாது.

ராஜபக்சக்கள் வீட்டுக்குப் போனார்கள். ஆட்சி மாறியது, அமைச்சர்கள் மாறினார்கள், யாழ்ப்பாணத்துக்கே அரசாங்கக் கட்சியின் மூன்று உறுப்பினர்கள் வந்தார்கள். 2025 இலும் அந்தப் போயாப் போராட்டம் ஓயவில்லை. தாங்கள் தொடங்கிய வேலை அல்ல, சிக்கலான விடயம், பேசித் தீர்ப்போம் என்ற பதில்தான் கிடைத்தது. இதற்கிடையில் 2025 மார்ச்சில் வடக்கில் 5,940 ஏக்கர் காணிக்கு உரிமை கோருமாறும், கோராவிட்டால் அரச காணியாகும் என்றும் வர்த்தமானி வந்தது. பெரும்பகுதி யாழ்ப்பாண மாவட்டத்துக் காணி. உறுதி தொலைத்தவர், சொந்தக்காரர் கனடாவில் இருப்பவர், முதுசம் பிரிக்காதவர் என்று எத்தனை குடும்பம் இங்கே! எதிர்ப்பும் வழக்கும் வந்த பிறகே அது பின்வாங்கப்பட்டது. அந்த வர்த்தமானியை எழுதியவர் இனவாதியாக இருந்திருக்கத் தேவையில்லை. பழைய வேலியை எல்லையென்று நம்பும் ஓர் அலுவலர் போதும்.

எல்லாவற்றையும்விடத் தெளிவான பாடம் திருகோணமலையில் கிடைத்தது. 2025 நவம்பர் 16 அன்று கடற்கரையோரக் காணியில், அனுமதியற்ற கட்டுமானம் என்ற முறைப்பாடு இருந்த இடத்தில், புத்தர் சிலையொன்று வைக்கப்பட்டது. அன்றிரவு பொலிஸ் அதை எடுத்துச் சென்றது. பிக்குகளும் எதிர்க்கட்சியினரும் குரல் எழுப்பினார்கள். மறுநாளே அதே பொலிஸ் பாதுகாப்போடு சிலை அதே இடத்துக்குத் திரும்பி வந்தது. ஒரு பக்கத்தில் 159 ஆசனம், மறுபக்கத்தில் நாடு முழுவதும் மூன்று ஆசனத்துக்குச் சுருங்கியதாகச் சொல்லப்பட்ட அரசியல். ஓர் இரவும் ஒரு பகலும்கூட அந்த 159 தாக்குப்பிடிக்கவில்லை. 1958 இல் றோஸ்மீட் பிளேஸ் வாசலில் நடந்ததற்கும் இதற்கும் இடையில் 67 வருடம். எது தோற்றது, எது வென்றது என்று இனி நீங்களே சொல்லுங்கள்.

“கொஞ்சம் அவகாசம் கொடுக்க வேண்டாமா?” என்று கேட்பார்கள். கொடுக்கலாம். ஆனால் அவகாசம் கேட்பதும், வெற்றி முழக்கம் செய்வதும் ஒன்றாகப் போகாது. இனவாதம் தோற்றுவிட்டதென்றால் எதற்கு அவகாசம்? தோற்கவில்லை, தோற்கடிக்க முயல்கிறோம் என்றால் அதைச் சொல்லட்டும். நாங்களும் தோள் கொடுப்போம்.

“இப்படிப் பேசுவது தமிழ்க் கட்சிகளுக்குத்தான் லாபம்” என்பது அடுத்த குற்றச்சாட்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. தெற்கின் இனவாதத்தைக் காட்டியே இங்கே பல தேர்தல்களை ஓட்டினார்கள். 2013 இல் மக்கள் தேடிக் கொடுத்த வடமாகாண சபையை உட்பூசலிலேயே கழித்தார்கள். சனத்தின் கோபம் நியாயமானது. ஆனால் வழக்கறிஞர் சரியில்லை என்பதற்காகக் காணி உரிமை பொய்யாகிவிடாது. வழக்கறிஞரை மாற்றுவோம். வழக்கைக் கைவிட மாட்டோம்.

இந்த இடத்தில் நிறுத்தினால் நான் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன். ‘அது சிங்களவரின் நோய், எங்களுக்கு வராது’ என்ற நம்பிக்கையும் அதே பிழையான கோலால் அளந்து வந்ததுதான். 2016 இல் வவுனியாவில் சிவசேனை தொடங்கப்பட்டது, மும்பைக் கட்சியின் பெயரோடு. அதற்கு ஆசனம் இல்லை, பெரிய கூட்டம் இல்லை என்று நாங்கள் அலட்சியமாக இருந்தோம். இன்று அதன் பேச்சு அதன் கையை விட்டுத் தனியாக நடமாடுகிறது. வேட்பாளர் வேதக்காரரா என்று தேர்தல் காலத்தில் கேட்கிறார்கள். சைவமும் பௌத்தமும் உறவு, கிறிஸ்தவரும் முஸ்லிம்களும்தான் வெளியார் என்று கோயில் வீதியில் நின்று சொல்கிறார்கள். 2019 மார்ச்சில், சிவராத்திரிக்கு முதல் நாள், திருக்கேதீச்சரத்து வளைவு பிடுங்கப்பட்டபோது எங்கள் ஊர்களில் சைவர், கத்தோலிக்கர் என்ற இரு பக்கமும் எவ்வளவு நஞ்சு கக்கப்பட்டது என்பது எனக்கு மறக்கவில்லை. இதே காங்கேசன்துறைத் தொகுதியில்தான் சைவச் சனம் செல்வநாயகம் என்ற கிறிஸ்தவரைத் தந்தை என்று கூப்பிட்டது. 1975 இடைத்தேர்தலிலும் அவரைப் பெருவெற்றியோடு அனுப்பியது. அந்த எல்லைக் கல்லிலிருந்து எவ்வளவு தூரம் நகர்ந்துவிட்டோம்!

முஸ்லிம்களைப் பற்றிப் பேசும்போது எனக்குத் தலை குனிகிறது. 1990 ஒக்ரோபர் 30 அன்று இரண்டு மணிநேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். வடக்கு முழுவதிலுமிருந்து எழுபதாயிரத்துக்கும் அதிகமானோர் கையில் ஒன்றுமில்லாமல் போனார்கள். உத்தரவு துப்பாக்கியுடையது, அதற்குப் பிறகு வந்த மௌனம் எங்களுடையது. திரும்பி வந்தவர்களின் காணிக் கோப்புகள் எங்கள் சொந்த அலுவலகங்களில் தூங்கியபோது நாங்கள் குரல் எழுப்பவில்லை. தையிட்டியில் உறுதியைக் காட்டும் கைக்கும் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களின் சோனகத்தெருவில் உறுதியைக் காட்டும் கைக்கும் வித்தியாசம் பார்ப்பவருக்கு, தெற்கைப் பார்த்து நீதி கேட்கும் தகுதி பாதியாகிவிடும்.

ஆகவே அளவுகோலை மாற்றுவோம். ஆசனத்தை எண்ணுவதை விட்டு, எல்லைக் கல்லைத் தேடுவோம். தையிட்டிக் காணி உறுதிக்காரரிடம் போகிறதா? தொல்லியல் திணைக்களம் குருந்தூர்மலையிலும் வெடுக்குநாறிமலையிலும் ஒரு மதத்தின் காவலாளியாக இல்லாமல் வரலாற்றின் காவலாளியாக நடக்கிறதா? 1979 இல் தற்காலிகமென்று வந்து இன்றுவரை ஆளும் பயங்கரவாதத் தடைச் சட்டம், வேறு பெயர் சூடித் திரும்பாமல் உண்மையாகவே ஒழிகிறதா? 2018 ஒக்ரோபரோடு காலம் முடிந்த வடமாகாண சபைக்குத் தேர்தல் நடந்து, அதற்கு அதிகாரமும் வருகிறதா? சோனகத்தெருக்காரர் தன் வீட்டுக்கு எங்கள் அலுவலகத்தில் அலையாமல் பத்திரம் பெறுகிறாரா? ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லலாம். கருத்தரங்கு தேவையில்லை.

2024 இல் தேசிய மக்கள் சக்திக்கு வாக்களித்த 80,830 பேரில் ஒருவராக நீங்கள் இருந்தால், உங்களோடு எனக்குக் கோபமில்லை. உங்களிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். ‘இனவாதம் தோற்றுவிட்டது’ என்று எங்களிடம் சொல்வதை நிறுத்திவிட்டு, உங்கள் மூன்று உறுப்பினர்களையும் அடுத்த போயா தினத்தில் தையிட்டி ஒழுங்கைக்குக் கூட்டி வாருங்கள். அந்த முதியவரின் கையிலிருந்து உறுதியை வாங்கி, எழுதியிருக்கும் எல்லையை வாசித்து, தடுப்புக்கு அப்பால் போய் அந்தக் கிணற்றைக் காட்டச் சொல்லுங்கள்.